டோரா மார் வெறும் 'காதலி' அல்ல

பிக்காசோ ஓவியங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 1937இல் பிக்காசோ அழும் பெண்ணின் முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்த ஓவியங்களில் ஒன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்திலும் இன்னொன்று மெல்போர்னிலும் இருக்கின்றன. அது யாருடைய முகம் என்று கேட்டால், டோரா மார், பிக்காசோவின் காதலி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பதிலை மாற்றச் சொல்லித்தான் இந்த மடல்.

பிக்காசோவோடு பழகுவதற்கு முன்பே டோரா மார் பாரிஸில் பெயர் வாங்கிய புகைப்படக் கலைஞர். விளம்பரம், ஃபேஷன் என்று சம்பாதித்துக்கொண்டே, பார்சிலோனா, லண்டன் தெருக்களில் ஏழை மனிதர்களையும் படம் எடுத்தார். 1936இல் லண்டனில் நடந்த சர்ரியலிஸக் (கனவுபோன்ற காட்சிகளைப் படைக்கும் கலை இயக்கம்) கண்காட்சியில் அவர் படமும் இடம்பெற்றது.

அப்புறம் குவெர்னிகா. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது ஜெர்மனி, இத்தாலி விமானங்கள், வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் இருக்கும் அந்த ஊரைக் குண்டு போட்டு அழித்தன. பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக ஸ்பெயின் குடியரசு கேட்டிருந்த ஓவியத்தை அதுவரை தொடங்காமலே இருந்த பிக்காசோ, மே 1 அன்று முதல் கோட்டோவியங்களைப் போட்டார். கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் உயரம், ஏழேமுக்கால் மீட்டர் அகலம் உள்ள, அந்த ஊரின் பெயரையே தாங்கிய அந்த ஓவியம் வளர வளர, டோரா மார் கட்டம் கட்டமாகப் படம் எடுத்தார். விழுந்து கிடக்கும் வீரனின் கை முதலில் முஷ்டியை மடக்கி மேலே நீண்டிருந்தது, பிறகு பிக்காசோ அதை எடுத்துவிட்டார். கீழே கவிழ்ந்திருந்த குதிரையின் தலை மேலே நிமிர்ந்தது. இதையெல்லாம் இன்று நாம் கண்ணால் பார்க்க முடிவது அவர் கேமராவால்தான். ஓவியத்தின் கறுப்பு வெள்ளைக்கே அவருடைய புகைப்படங்கள் ஒரு தூண்டுதல் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

பிக்காசோவைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. குவெர்னிகா என்னை உலுக்கிய ஓவியம். அதனால்தான் அது உருவானபோது பக்கத்தில் நின்று வேலை செய்தவரை அழும் முகமாக மட்டும் காட்டுவது எனக்கு வலிக்கிறது. அந்த உருவப்படங்கள் எதிலும் தான் இல்லை, எல்லாமே பிக்காசோதான் என்று டோரா மாரே சொன்னதாகப் பதிவும் இருக்கிறது. 1940களின் நடுவில் இருவரும் பிரிந்த பிறகும் அவர் பல்லாண்டுகள் ஓவியம் வரைந்தார். வயதான காலத்தில் மறுபடி புகைப்படத்துக்கும் வந்தார்.

டோரா மாருக்குப் பிறகு பிக்காசோவோடு வாழ்ந்த ஃப்ரான்சுவாஸ் ஜிலோவுக்கும் இதே கதிதான். வாழ்நாள் முழுக்க ஓவியராக இருந்தவர் 2023இல் 101 வயதில் இறந்தபோது, செய்தித் தலைப்புகள் பலவற்றில் பிக்காசோ பெயர்தான் முந்திக்கொண்டது.

2019இல் பாரிஸ் பாம்பிடூ மையமும் அதைத் தொடர்ந்து டேட்டும் டோரா மாருக்கென்றே பெரிய கண்காட்சி நடத்தின. சரி, நல்ல காரியம். ஆனால் கண்காட்சி சில மாதங்களில் முடிந்துவிடும். ஓவியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பைத்தான் வருகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் படிக்கிறார்கள்.

அந்தக் குறிப்பில் முதலில் இதை எழுதுங்கள்: டோரா மார், 1907–1997, புகைப்படக் கலைஞர், ஓவியர், குவெர்னிகா உருவானதைப் படம்பிடித்தவர். பிக்காசோவோடு வாழ்ந்த காலம் அடுத்த வரியில் வரட்டும். உங்கள் சேகரிப்பில் அவருடைய புகைப்படம் ஒன்று இருந்தால், தயவுசெய்து அதையும் அதே சுவரில் மாட்டுங்கள்.

அன்புடன்,
ஓர் ஓவிய ரசிகை