சேலத்தில் இறக்காமல் தருமபுரிக்கு நேராக ஒரு வண்டி விடுங்கள்: பார்சல் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

ஈரோடு, திருப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஜவுளிப் பண்டல் ஏற்றும் பார்சல் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். தருமபுரியில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். இந்த வருஷம் தீபாவளி 2026 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்து மாலை போட்டு நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் அதற்கப்புறம் மூன்று வாரம்கூட முழுசாக இல்லை. அதனால்தான் நேரம் இருக்கும்போதே எழுதுகிறேன். போன தீபாவளிக்கு நம் ஊர்ச் சரக்கு சேலத்தில் எப்படிக் கிடந்தது என்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கேட்க வந்தது ஒன்றுதான். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் மட்டும், தருமபுரிக்கு என்று புக் ஆகும் சரக்கைச் சேலம் குடோனில் இறக்காமல் நேராக இங்கே கொண்டுவந்து இறக்குங்கள்.

சாதாரண மாதங்களில் சேலத்தில் இறக்கிப் பிரிப்பதில் எனக்குக் குறை இல்லை. தருமபுரிக்கு ஒரு நாளில் வரும் பண்டல் ஒரு லாரிக்குக் காணாது, அதனால் கிருஷ்ணகிரி, ஓசூர் சரக்கோடு சேர்த்து ஏற்றுகிறீர்கள், புரிகிறது. ஆனால் தீபாவளி மாதத்தில் தருமபுரிச் சரக்கு மட்டுமே வண்டியை நிரப்பும். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, செருப்புக்கடை எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் சரக்கு வருகிறது. நிரம்பிய வண்டியை எதற்குச் சேலத்தில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும்? குடோன் அதே குடோன், லோடுமேன் அதே லோடுமேன், சரக்கு மட்டும் பல மடங்கு. முதலில் வந்த பண்டல் அடியில் போய்விடுகிறது, நேற்று வந்தது மேலே நிற்கிறது, மேலே நிற்பதைத்தான் கை முதலில் எடுக்கும். முன்கூட்டியே ஆர்டர் போட்டவனுக்குத்தான் கடைசியில் வருகிறது. இது எந்த ஊர் நியாயம்?

எங்கள் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சென்னை, கோவைக் கடைகள் மாதிரி ஒரு மாதம் முழுக்க எங்களுக்குக் கூட்டம் வராது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஜனங்களில் பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், இல்லையென்றால் ஓசூர், திருப்பூர் கம்பெனிகளில். அவர்களுக்குக் கூலி பட்டுவாடாவும் போனஸும் கைக்கு வந்து, பஸ் பிடித்து ஊருக்கு வருவதே கடைசி நாட்களில்தான். பஸ் நிலையத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகும் முன்பே கடைவீதியில் நுழைவார்கள். அந்த நாலைந்து நாள்தான் எங்கள் தீபாவளி. அதில் சரக்கு கடையில் இருக்க வேண்டும், சேலத்தில் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

போன வருஷம் ஈரோட்டில் வாங்கிய பெண் குழந்தைகள் ஃபிராக் பண்டல்கள் சேலத்திலேயே கிடந்தன. சேலம் இங்கிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டர்தான், பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எல்.ஆர். (புக்கிங் ரசீது) நம்பரைச் சொல்லி தினமும் போன் போட்டேன், "வந்துவிடும் அண்ணா" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. நானே வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன், எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியவில்லை என்றார்கள். அன்று சாயங்காலம் ஒரு கொத்தனார் குடும்பம் வந்தது, பெங்களூரிலிருந்து நேராக, பையோடு. இரண்டு பெண் குழந்தைகள். சின்னவளுக்குக் கிடைத்துவிட்டது, பெரியவள் அளவு மட்டும் இல்லை. அவள் அழவில்லை, "அப்பா எனக்கு வேண்டாம், பொங்கலுக்கு எடுத்துக்கலாம்" என்று சொன்னாள். அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. பண்டல் தீபாவளி கழித்து வந்து சேர்ந்தது. ஒரு மூலை மழையில் நனைந்து சாயம் இறங்கியிருந்தது. ஐப்பசியில் மழை பெய்யும் என்பது புது விஷயமா, ஒரு தார்ப்பாய் போட்டு மூடுவதற்கு? டூ பே, அதாவது சரக்கை எடுப்பவர் வாடகை கட்டும் புக்கிங், அதனால் அதற்கும் முழு வாடகை கட்டித்தான் எடுத்தேன். ஈரோட்டு மொத்த வியாபாரி ரிட்டர்ன் எடுக்க மாட்டேன் என்றார். அவர் மேல் தப்பில்லை, அவர் ஏற்றிவிட வேண்டிய நாளில் ஏற்றிவிட்டார்.

போன வருஷம் நீங்கள் சொன்ன காரணத்தில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டி மாறியது, ஆயிரம் ரூபாயிலிருந்து 2500 வரைக்குமான ரெடிமேடுக்கு 12 சதவீதம் 5 ஆனது, அந்தத் தேதிக்காக எல்லாக் கடைக்காரர்களும் ஆர்டரை நிறுத்தி வைத்திருந்தோம். தீபாவளியும் அக்டோபர் 20-லேயே வந்துவிட்டதால் இரண்டு மாதச் சரக்கு நாலு வாரத்தில் ரோட்டுக்கு வந்தது. சரி. ஆனால் அதற்கு முந்தைய வருஷம் அப்படி எதுவும் இல்லையே, அப்போதும் இதே கதைதானே நடந்தது?

சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லையும் சொல்லியாக வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. ஈரோட்டிலிருந்து தருமபுரி அதற்குள் அடங்கிவிடும், ஆக ஒரு நாள்தான் செல்லும். சேலத்தில் சரக்கு தங்கினால் பில் காலாவதியாகிறது. அதை முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்போ எட்டு மணி நேரம் பின்போ நீட்டிக்க வேண்டியது சரக்கை வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட்காரர், அதாவது நீங்கள். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு "பில் செத்துப்போச்சு, பார்ட்டியைக் கேளுங்கள்" என்று எங்களையும் ஈரோட்டுக்காரரையும் மாறி மாறி அலைய விடுவது என்ன முறை? வழியில் மடக்கினால் அபராதம் சரக்கின் மேல்தானே விழும். நேராக வந்தால் இந்தப் பிரச்சினையே எழாது.

இன்னொன்று. வேகமாக அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை, அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு டிரைவரைத் தூங்க விடாமல் ஓட்டச் சொல்லிவிடாதீர்கள். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டி தொப்பூர் கணவாய் இறக்கத்தில்தான் போக வேண்டும். 2024 ஜனவரியில் அங்கே லாரிகளுக்கு நடுவே கார் சிக்கி எரிந்ததை இந்த மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. சீசனுக்கு என்று குடோனுக்குக் கூடுதல் ஆள் எடுக்கும்போதும் பள்ளி, கல்லூரிப் பையன்களைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். 2023 அக்டோபர் 7, ஓசூரை ஒட்டிய கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி பட்டாசு குடோனில் லோடு இறக்கும்போது பற்றிய தீயில் செத்தவர்களில் அரூர் பக்கத்துப் பிள்ளைகள் பலர், தீபாவளிச் செலவுக்கு நாலு காசு சம்பாதிக்கப் போனவர்கள். பண்டிகைக்குச் சரக்கு வர வேண்டும் என்று கேட்கிற நாங்கள், அதைத் தூக்குகிறவர்களைப் பற்றியும் கேட்டுத்தான் ஆக வேண்டும். துணியும் பட்டாசும் ஒன்றில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் கூரை வரைக்கும் அடுக்கிய குடோனில், நடக்கவே வழி இல்லாத இடத்தில், ராத்திரி முழுக்க ஆளை வேலை வாங்குவது எங்கே நடந்தாலும் ஆபத்துதான். குடோனில் இறக்குகிற சரக்கு குறைந்தால் அந்த நெரிசலும் குறையும்.

இதைத் தருமபுரிக்காக மட்டும் கேட்கவில்லை. கிருஷ்ணகிரிக் கடைக்காரர்களுக்கு ரயில்கூடக் கிடையாது, லாரியை விட்டால் வழியில்லை. அவர்களுக்கும் சேர்த்து ஒரே வண்டியாக விட்டாலும் சரி, தருமபுரியில் பாதி இறக்கிவிட்டு மீதியோடு அப்படியே போகட்டும்.

நேரடி வண்டிக்குப் பண்டலுக்கு இவ்வளவு கூடுதல் வாடகை என்று நியாயமாகச் சொல்லுங்கள், பேசித் தருகிறோம். பகலில் கடைவீதிக்குள் லாரி வர முடியாது என்றால் ராத்திரியில் வரட்டும், கடையைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் காத்திருப்போம். ஏதாவது ஒரு நாள் நேரடி வண்டி விட முடியாமல் போனால், புக்கிங் போடும்போதே "இது சேலம் வழியாகத்தான் போகும், இத்தனை நாள் ஆகும்" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு டெம்போ பேசிக்கொள்வோம். வரும் வரும் என்று சொல்லி எங்கள் கையைக் கட்டிப் போடாதீர்கள்.

கோபத்தில் ஏதாவது வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களை விட்டால் எங்களுக்குச் சரக்கு வராது, எங்களை விட்டால் இந்த வழியில் உங்களுக்கு லோடு கிடையாது. ஆயுத பூஜைக்கு முன்பே, எந்தெந்த நாளில் ஈரோட்டிலிருந்து தருமபுரிக்கு நேரடி வண்டி கிளம்பும் என்பதை உங்கள் புக்கிங் ஆபீஸ்களில் எழுதி ஒட்டும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். அதைப் பார்த்துத்தான் நாங்கள் கொள்முதலுக்குக் கிளம்ப வேண்டும்.

இப்படிக்கு,
தருமபுரி ரெடிமேட் கடைக்காரர் ஒருவர்