பாபநாசம் பஸ்ஸுக்குக் காத்திருந்த நர்ஸ் அக்காவுக்கு

திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில், தாய்மார்கள் பாலூட்டும் அறையில் எனக்கு உதவினீர்களே, அந்த அக்காவுக்குத்தான் இந்தப் பதிவு. பேர் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

பிள்ளை வாய் வைத்தாலே எனக்கு உயிர் போகும். காம்பு வெடித்திருந்தது. "பால் பத்தலை, புட்டிப்பால் கொடு" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். நீங்கள் எதுவும் விசாரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "காம்பை மட்டும் கொடுத்தா வலிக்கத்தான் செய்யும் தாயி." பிள்ளையின் வாயோரம் என் சுண்டுவிரலை நுழைத்துப் பிடியை விடுவிக்கச் சொன்னீர்கள். அப்புறம் அவன் வாயை அகலமாகத் திறக்கும்வரை பொறுத்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போகும்படி, தாடை மார்பில் படும்படி அணைக்க வைத்தீர்கள். வலி குறைந்ததும் அழுதுவிட்டேன்.

நடுவில் நான் இருமிவிட்டுக் கூசிப்போனதையும் கவனித்துவிட்டீர்கள். எங்கள் பக்கம் பிரசவம் ஆனவளுக்குக் காயம் என்கிற பிரசவ மருந்து, பூண்டுக்குழம்பு என்று கவனிப்புக்குக் குறைவே இல்லை. இருமினால் சிறுநீர் கசிவதைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை! சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத்தளத் தசையைச் சுருக்கி, சில விநாடி நிறுத்தி, முழுசாகத் தளர்த்த வேண்டும், மூச்சைப் பிடிக்கக் கூடாது, சிறுநீர் கழிக்கும்போது செய்து பழகக் கூடாது என்றெல்லாம் காதோடு சொன்னீர்கள். மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால் டாக்டரைப் பார்க்கவும் சொன்னீர்கள். அதற்குள் உங்கள் பஸ் போய்விட்டது.

இப்போது கசிவு வெகுவாகக் குறைந்துவிட்டது. அவனுக்குத் தாய்ப்பால் மட்டும்தான். இது கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள் அக்கா. அம்பாசமுத்திரத்தில்தான் இருக்கிறோம், உங்கள் பஸ் போகிற வழிதான்.