பெனலைக் கழற்ற வேண்டாம், அண்ணா

லெஸ்டர், இங்கிலாந்து,
12.10.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உங்களதும் அண்ணியினதும் நலம் அறிய ஆவல். ஹட்டன் வீட்டை விற்றுவிட்டுக் கண்டியில் மகளோடு போய் இருக்கப் போவதாகவும், கூரையிலுள்ள சோலார் பெனல்களைக் கழற்றிக் கொண்டுபோவதா விட்டுவிட்டுப் போவதா என்று குழம்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். சொல்லி வைத்தாற்போல் நானும் இங்கே வீட்டை விற்றுக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் பிரிந்து போனபின் எங்கள் இருவருக்கும் படியேறி இறங்கும் வீடு எதற்கு?

அப்பாவின் காலத்தில் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுத் தகரக் கூரை ஒழுகினால் தோட்டத் துரையிடம் சொல்லிவிட்டுக் காத்திருப்போம், கூரை தோட்டத்துடையது. இன்று கூரை நமதானதோடு அதன்மேல் விழும் வெயிலுக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது என்று நினைக்கையில் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நான் பத்து பெனல் போட்டது 2011 இல். அப்போதைய பிரித்தானிய அரசுத் திட்டப்படி, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதை நாமே செலவழித்தாலும், 43.3 பென்ஸ் வீதம் 25 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். விலைவாசியோடு அந்தத் தொகையும் ஆண்டுதோறும் ஏறும். 2019 மார்ச் இறுதியோடு அத்திட்டம் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டதால், 2036 வரை பணம் வரும் கூரையொன்றை இன்று யாரும் புதிதாக உண்டாக்க முடியாது. வீட்டை விற்கையில் அந்த உரிமை பெனலோடு வாங்குபவருக்குப் போய்ச் சேரும். இவ்வளவு இருந்தும் வீட்டு முகவர் அதற்கென்று ஒரு பவுணும் கூட்டிப் போடவில்லை. ஓராண்டுக் கொடுப்பனவுத் தாள்களை மேசையில் பரப்பிய பிறகுதான் விலையைப் பற்றிப் பேச முன்வந்தார்.

வாங்குபவரின் சட்டத்தரணி முதலில் கேட்டது, பெனல் உங்களுடையதா, கம்பனியுடையதா என்பதே. அந்தக் காலத்தில் சில கம்பனிகள் பெனலை இலவசமாகப் போட்டுவிட்டு, கூரையை 25 ஆண்டுக் குத்தகைக்கு எழுதி வாங்கிக்கொண்டன. எங்கள் தெருவில் அப்படிக் கையெழுத்திட்ட ஒருவருக்கு, வாங்க வந்தவரின் வங்கி கடன் தர மறுத்ததால், பேசி முடித்த விற்பனையே கைநழுவியது. என்னிடம் குத்தகை இல்லை. ஆனால் பொருத்தியபோது தந்த சான்றிதழும் இல்லை. பொருத்திய நிறுவனம் மூடி ஆண்டுகள் ஆகிவிட்டன. பிரதி எடுத்துக் கொடுப்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது, எனக்கும் இரத்த அழுத்தம் ஏறிவிட்டது.

இனி மீற்றர்தான் பாக்கி. படிக்கட்டுக்குக் கீழே தும்புத்தடிகளுக்குப் பின்னால் இருக்கும் அதில் ஒரு சிவப்புப் பொட்டு ஆயிரம் முறை மினுங்கினால் ஒரு யூனிட். இந்த ஐப்பசி மூட்டத்தில் அது நினைத்து நினைத்து ஒரு தரம் மினுங்குகிறது. சாவி கைமாறும் நாளில் அந்த எண்ணைப் படம் பிடித்து இரு தரப்பும் வைத்துக்கொண்டால்தான், எதுவரை என் பணம், எதிலிருந்து அவர் பணம் என்ற வழக்கு வராது.

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். கழற்ற வேண்டாம். மழைக்காலத்தில் ஹட்டனில் கூரையில் ஆணித்துளைகளை விட்டுப் போனால், அந்த ஒழுக்குக்கே வாங்குபவர் விலையைக் குறைப்பார். ஏழு வருடப் பழைய பெனலைக் கண்டியில் ஏற்றப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கிடைப்பதும் அன்றைய விலைதான். இருக்கும் ஒப்பந்தத்தையே விலைபேசுங்கள். ஆனால் ஒன்றை மறைக்காதீர்கள்: 2018 இல் நீங்கள் எழுதிய இருபது ஆண்டு ஒப்பந்தத்தில் மின்சார சபை யூனிட்டுக்குத் தரும் 22 ரூபாய் முதல் ஏழு ஆண்டுக்கு மட்டுமே, மீதிப் பதின்மூன்றுக்கும் 15.50. பழைய பில்லை மட்டும் காட்டினால், பின்னால் நம்மை ஏமாற்றுக்காரர் என்பார்கள். பெனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டரும் பெனலின் ஆயுள்வரை வராது, சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருக்கும்; அதையும் சொல்லிவிடுங்கள்.

பெனலுக்கு வாங்கிய வங்கிக்கடனில் மிச்சமிருந்தால் விற்பனைப் பணத்தில் முதலில் அதை அடையுங்கள். நொத்தாரிசிடம் போகுமுன் மின்சார சபையின் பிரதேச அலுவலகத்துக்குப் போய், கணக்கையும் ஒப்பந்தத்தையும் வாங்குபவர் பெயருக்கு மாற்ற என்னென்ன தாள் வேண்டுமென்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்பனை உடன்படிக்கையில் பெனல், இன்வேர்ட்டர் இரண்டும் வீட்டோடு சேர்ந்தவை என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத் தாளைக் காணவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவின் தகரப்பெட்டியைப் பாருங்கள்; பிறப்புப் பத்திரங்களோடு அதையும் வைத்ததாக அண்ணி ஒருமுறை தொலைபேசியில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அன்புடன்,
தம்பி