வாரம் 320 கிலோமீட்டர் ஹைவேயில் ஓடும் காருக்கு ‘சிட்டி யூஸ்’ என்று வாரண்டி மறுப்பு: புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு, தென்மண்டல அலுவலகம், சென்னை
நாள்: 19.01.2026
பொருள்: டீபிஎஃப் (டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) கோளாறு, வாரண்டி மறுப்பு, உங்கள் சர்வீஸ் ஆலோசகர் பேசிய பேச்சு

ஐயா,

வணக்கம். இதற்கு முன் ஆங்கிலத்தில் பதினொரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதினொன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: “உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.” கடைசியாக ஜனவரி 9ஆம் தேதி, “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வந்தது. எதுவும் தீரவில்லை. கார் என் வீட்டு வாசலில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கோடு நிற்கிறது. தமிழில் எழுதினாலாவது சென்னை அலுவலகத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்து படிப்பார் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்ன மாடல், என்ன என்ஜின் என்று விவரிக்கப் போவதில்லை. உங்கள் வண்டியைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். பதிவு எண், சேஸிஸ் எண், மூன்று ஜாப் கார்டுகளின் (சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் வேலைச் சீட்டு) நகல் எல்லாம் இணைப்பில் உள்ளன. 2022 ஆகஸ்டில் 63 லட்சம் கொடுத்து வாங்கினேன். 2026 ஆகஸ்டு வரை நீட்டித்த வாரண்டி இருக்கிறது, அதற்கும் தனியாகப் பணம் கட்டியிருக்கிறேன். இதுவரை ஓடியது 61,400 கிலோமீட்டர்.

டிசம்பர் 3, புதன்கிழமை. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அன்று நடந்ததை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை. “ஏரியா டெக்னிக்கல் மேனேஜர் வருகிறார், காரை அவரே நேரில் பார்ப்பார், ஒன்பதரைக்கு வந்துவிடுங்கள்” என்று ஓசூர் ரோடு சர்வீஸ் சென்டரிலிருந்து கூப்பிட்டார்கள். அல்சூரிலிருந்து கிளம்பி, பழுதால் அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத காரை சில்க் போர்டு நெரிசலில் உருட்டிக்கொண்டு 9.20க்குப் போய்ச் சேர்ந்தேன். மேனேஜர் வரவில்லை. பதினொன்றரைக்கு வருவார் என்றார்கள். அப்புறம் சாப்பிட்டுவிட்டு வருவார் என்றார்கள். நாலு மணிக்கு, “அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார் சார், அடுத்த வாரம் பார்க்கலாம்” என்றார்கள். கோயம்புத்தூரில் இருப்பவர் காலையிலேயே கோயம்புத்தூரில்தானே இருந்திருப்பார்? ஆறரை மணி நேரம் அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். அன்று ராணிப்பேட்டையிலிருந்து என்னைப் பார்க்க வந்த தோல் வியாபாரி காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அந்த ஒரு ஆர்டர் போனதிலேயே பல லட்சம் நஷ்டம்.

கிளம்பும்போது உங்கள் சர்வீஸ் ஆலோசகரிடம், “தம்பி, இதை முன்பே போனில் சொல்லியிருக்கலாமே” என்று மட்டும்தான் கேட்டேன். அவரும் தமிழ்ப் பையன், முப்பது வயதுகூட இருக்காது. நாலு வாடிக்கையாளர்கள் நிற்கும் இடத்தில், அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அங்கிள், இது ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர் இல்ல. டீசல் காரை எப்படி ஓட்டணும்னு தெரிஞ்சவங்கதான் வாங்கணும். உங்க வயசுக்கு ஒரு பெட்ரோல் வண்டி எடுத்திருக்கலாம்.”

எனக்கு 57 வயது. முப்பத்திரண்டு வருடமாக டீசல் வண்டி ஓட்டுகிறேன். என் மருமகன் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முன்னால் எனக்கு வாய் வரவில்லை.

சரி, முதலில் நடந்ததற்கு வருகிறேன். என் தாயார் ஆம்பூரில் இருக்கிறார், 81 வயது. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஐந்தரைக்குக் கிளம்பி, அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி என்று மூன்று சுங்கச்சாவடி தாண்டிப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பி வருகிறேன். போக வர 320 கிலோமீட்டர். இந்த ஓட்டத்துக்காகவேதான் டீசல் எடுத்தேன். பெட்ரோல் போதுமா என்று நான்தான் கேட்டேன், “ஹைவே ஓட்டுகிறவருக்கு டீசல்தான் சார்” என்று விற்கும்போது சொன்னவர்கள் உங்கள் ஆட்கள். மூன்று வருடம் அவர்கள் சொன்னது உண்மையாகத்தான் இருந்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் எட்டாவது கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே ஓடும், அம்மா பின்சீட்டில் தூங்கிவிடுவார். லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் காலை லேசாக அழுத்தினால் போதும். அந்தக் காரை நான் அவ்வளவு விரும்பினேன் என்பதால்தான் இவ்வளவு கோபம்.

நவம்பர் 9, ஞாயிறு. அம்மாவைக் கண் பரிசோதனைக்காகப் பெங்களூருக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். கிருஷ்ணகிரி தாண்டி மேலுமலை ஏற்றம், நல்ல மழை, இருட்டிவிட்டது. மீட்டரில் அந்த மஞ்சள் விளக்கு வந்தது. அடுத்த நிமிடம் வண்டியில் இழுவையே இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது, அதன் ஹெட்லைட் என் கார் முழுக்க நிறைந்திருக்கிறது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஓரமா போடா, ஓரமா போடா” என்கிறார். அந்த இடத்தில் விபத்துகள் எத்தனை நடந்திருக்கின்றன என்று அந்தச் சாலையில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று நாங்கள் இருவரும் செத்திருக்க வேண்டியவர்கள்.

உங்கள் சாலையோர உதவி எண்ணுக்குப் போன் செய்தால், மேலுமலை என்று நான்கு முறை சொல்லியும் மேல்மருவத்தூரா என்று கேட்கிறார்கள். கடைசியில் அரசாங்கத்தின் நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு அடித்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் ரோந்து வண்டி வந்து பின்னால் கூம்புகளை வைத்துப் பாதுகாப்புக் கொடுத்தது. உங்கள் ரெக்கவரி வண்டி வர இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. அதிலும் ஆட்களை ஏற்ற மாட்டோம் என்றார்கள். அந்த மழையில் ஓசூரிலிருந்து டாக்ஸி வரவழைத்து 3,800 ரூபாய் கொடுத்து வீடு வந்தோம்.

பதினொரு நாள் காரை வைத்திருந்தீர்கள். வடிகட்டியில் கரி அடைத்திருக்கிறது, வண்டியை நிறுத்தி வைத்து அந்தக் கரியை எரித்துவிட்டோம் என்று சொல்லி 18,500 ரூபாய் வாங்கினீர்கள். காரைத் திரும்ப எடுத்த ஒன்பதாவது நாள், நவம்பர் 29, அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் அதே விளக்கு. இப்போது முழு டீபிஎஃப்பையும் மாற்ற வேண்டும், 3,86,000 ரூபாய் என்கிறீர்கள். வாரண்டி கிடையாதாம். ஜாப் கார்டில் எழுதியிருக்கும் காரணம்: “சிட்டி யூஸ்”, அதாவது ஊருக்குள்ளேயே ஓட்டிய கார் என்று.

இந்த இரண்டு சொல்லைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. கரி எப்போது அடைக்கும் என்று உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. தினமும் ஐந்து கிலோமீட்டர் சிக்னல் சிக்னலாக ஓட்டினால், புகைக்குழாய் சூடேறவே நேரம் இருக்காது, கரி எரியாமல் சேரும். அறுநூறு டிகிரி அளவுக்குச் சூடேறி, கால் மணி, இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓடினால் தானாகவே எரிந்து சாம்பலாகிவிடும். நான் வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிறேன். ஃபாஸ்டேக் கணக்கை எடுத்து இணைத்திருக்கிறேன், சனி ஞாயிறாகப் பாருங்கள். ஊருக்குள் நான் காரை எடுப்பதே அபூர்வம். அல்சூர் ஸ்டேஷன் என் வீட்டிலிருந்து நடை தூரம், மெட்ரோவில்தான் போகிறேன். 61,400 கிலோமீட்டரில் ஐம்பதாயிரத்துக்கு மேல் இந்த ஒரே ஹைவேயில் ஓடியது. உங்கள் கணினியே காரைத் திறந்தால் இதைச் சொல்லுமே! யாரும் பார்க்கவில்லையா?

டிசம்பர் நடுவில், வேறு வழியில்லாமல் ஜே.சி. ரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். எதையும் கழற்றவில்லை, ஸ்கேனர் மட்டும்தான் போட்டார். வாரண்டியைக் கெடுத்துவிட்டேன் என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டுவிட்டு, ஸ்கேனர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் 38 மில்லிபார் என்று காட்டியது. “சார், என்ஜினே ஓடல. புகையே போகல. அப்ப ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தானே? இது பூஜ்யம் காட்டணும்” என்றார். அதாவது, அந்த அழுத்தத்தை அளக்கும் சின்னக் கறுப்பு சென்சார் பொய் சொல்கிறது. அதை நம்பிக்கொண்டு என்ஜின் கம்ப்யூட்டர் வடிகட்டி அடைத்துவிட்டதாக நினைத்து இழுவையைக் குறைக்கிறது. கைவிளக்கு அடித்துப் பார்த்தால், சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாயின் முனையில் நகக்கண் அளவுக்கு வெடிப்பும் இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

எனக்குப் புரியாதது இதுதான். ஐந்து நிமிடத்தில் ஒரு தனி மெக்கானிக் பார்த்ததை, பதினொரு நாள் வைத்திருந்த உங்கள் ஆட்கள் பார்க்கவில்லையா? பார்த்தும் 3,86,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டார்களா? இரண்டில் எதுவானாலும் எழுத்தில் பதில் வேண்டும். மூன்று ஜாப் கார்டிலும் சென்சாரைச் சோதித்ததாக ஒரு வரி இல்லை.

முன்பே சொல்லியிருக்க வேண்டும், ஒரு சர்வீஸைக்கூட நான் தவறவிட்டதில்லை. ஆட்புளூவை (டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்) எச்சரிக்கை வரும் முன்பே நிரப்பிவிடுவேன். எண்ணெய் எல்லாம் உங்களிடமேதான் மாற்றினேன். இதற்குமேல் ஒரு வாடிக்கையாளர் என்ன செய்ய முடியும்?

உங்கள் மீது இன்னும் மரியாதை வைத்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன். சென்சாரையும் குழாயையும் வாரண்டியில் மாற்றித் தாருங்கள், என் முன்னிலையில் அந்த அளவைக் காட்டிவிட்டு மாற்றுங்கள். அதன் பிறகும் டீபிஎஃப் கெட்டிருப்பதாகத் தெரிந்தால், சிட்டி யூஸ் என்ற காரணத்தைத் திரும்பப் பெற்று அதையும் வாரண்டியில் மாற்ற வேண்டும். நான் கட்டிய 18,500, டாக்ஸிக்குக் கொடுத்த 3,800 இரண்டும் திரும்ப வர வேண்டும். வேலை முடியும்வரை மாற்று வண்டி வேண்டும், கார் ஓடாத வாரமெல்லாம் டாக்ஸியில் ஆம்பூர் போய் வருகிறேன். என் மன உளைச்சலுக்கும் வியாபார நஷ்டத்துக்கும் கணக்குப் போட்டால் 25 லட்சத்துக்குக் குறையாது, அதை இப்போது கேட்கவில்லை.

ஆனால் பிப்ரவரி 3க்குள் பதில் வராவிட்டால் கண்டிப்பாகக் கேட்பேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாகிவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். காரின் விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் நேராகக் கர்நாடக மாநில ஆணையத்துக்கே போவேன். வக்கீலிடம் கோப்பைக் கொடுத்துவிட்டேன், நோட்டீஸ் தயாராக இருக்கிறது. அந்த வேலை உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். தயவுசெய்து ஒரு பொறுப்பான ஆள் எனக்குப் போன் செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அல்சூர், பெங்களூரு

பி.கு.: அந்த ஆலோசகரின் வேலையைப் பறிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கும். ஆனால் டிசம்பர் 3 அன்று அந்த வரவேற்பறையில் என்ன சொன்னார் என்று அவரை உட்கார வைத்துக் கேளுங்கள், உங்கள் கேமராவிலும் இருக்கும். அவர் எனக்கு நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், என் மருமகன் பக்கத்தில் இருக்கும்போது.