பார்செக்கை மனப்பாடத்துக்குத் தராதீர்கள்: பதினோராம் வகுப்பு இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவர்களுக்குத் தொலைநோக்கியில் வானத்தைக் காட்டிவருபவன் நான். விண்மீன்களின் தூரத்தை அளக்கும் அலகான பார்செக் எவ்வளவு என்று கேட்டால், "3.26 ஒளியாண்டு" என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இதில் அவர்கள் மீது குறையில்லை. ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை மட்டும் போதும் என்று பழக்கியிருக்கிறோம்.

தயவுசெய்து வானியல் அலகிலிருந்து, அதாவது சூரியனுக்கும் பூமிக்கும் இடையேயான சராசரித் தூரத்திலிருந்து, தொடங்குங்கள். கெப்ளரின் விதிகள் கோள்களின் தூரங்களுக்கு இடையேயான விகிதத்தைத்தான் தந்தன. பூமியின் தூரத்தில் 0.72 பங்கில் வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்று தெரியும். பூமியின் தூரம் எத்தனை கிலோமீட்டர் என்று தெரியாது. ஆகவே அந்தத் தெரியாத தூரத்தையே ஒன்று என வைத்துக்கொண்டு கணக்கு நடந்தது. அதை அளக்க 1716-இல் ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி வழி சொன்னார்: சூரியனின் முகத்தை வெள்ளி கடக்கும்போது, பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து நேரத்தைக் குறித்தால் போதும்.

அதற்காகப் புதுச்சேரிக்குப் புறப்பட்டார் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தில். 1761-இல் நகரம் ஆங்கிலேயர் கையில் இருந்ததால் கரையிறங்க முடியவில்லை. ஆடும் கப்பலிலிருந்து பார்த்தது அளவுக்கு உதவவில்லை. அடுத்த கடப்புக்காகக் கிழக்கிலேயே தங்கினார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில், மேகம் சூரியனை மறைத்துவிட்டது. நம் கடற்கரையில் நடந்த இந்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் அறியாமல் வானியல் அலகைப் படிப்பது எனக்குப் பெரும் வருத்தம். மற்றவர்கள் பல நாடுகளில் எடுத்த அளவுகளைக் கொண்டு 1771-இல் பிரெஞ்சு வானியலாளர் லலாந்து கண்ட விடை சுமார் 15.3 கோடி கிலோமீட்டர். 1961-இல் வெள்ளியில் பட்டுத் திரும்பிய ரேடார் அலைகள் அதைத் துல்லியமாக்கின. 2012-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 149,597,870,700 மீட்டர் என்று நிலைநிறுத்தியது.

இதன் மேல்தான் பார்செக் நிற்கிறது. ஒரு வானியல் அலகு நீளம், ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்குக் கோணமாக, அதாவது ஒரு வினாடிக் கோணமாக, தெரியும் தூரமே அது. கணக்கிட்டால் 206,265 வானியல் அலகுகள். சூரிய ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 499 வினாடி ஆகிறது. இரண்டையும் பெருக்கி, ஓர் ஆண்டின் வினாடிகளால் வகுக்கச் சொல்லுங்கள். 3.26 அவர்கள் கையாலேயே வரும்.

வானியலாளர்கள் பார்செக்கை விரும்புவதன் காரணமும் அப்போது புரியும். ஒரு விண்மீனிலிருந்து பார்த்தால் ஒரு வானியல் அலகு நீளம் தெரியும் கோணமே அதன் இடமாறு தோற்றக் கோணம். ஒன்றை அந்தக் கோணத்தால் வகுத்தால் பார்செக்கில் தூரம். பிராக்சிமா செண்டாரி என்ற விண்மீனின் கோணம் 0.768 வினாடிக் கோணம், எனவே தூரம் 1.30 பார்செக். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனுக்கே ஒரு வினாடிக் கோணம் இல்லை! 1838-இல் ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் முதன்முதலாக ஒரு விண்மீனின் தூரத்தை வெளியிடும்வரை பலர் தோற்றதற்கு இந்தச் சிறுமைதான் காரணம்.

"பார்செக் வரையறு" என்ற வினாவுக்குப் பதிலாக, கோணத்தைத் தந்து தூரத்தைக் கேளுங்கள். ஒரு வகுப்பு நேரத்தை மைதானத்துக்கு ஒதுக்குங்கள். தொலைவில் தெரியும் செல்போன் கோபுரத்தை இரு முனைகளிலிருந்து கோணமானியால் பார்த்து, இடைத்தூரத்தை நாடாவால் அளந்து, கோபுரம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு இடைத்தூரத்தைப் பாதியாக்கி மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். விடையில் பிழை எவ்வளவு கூடுகிறது என்று அவர்களே குறித்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
வானம் பார்க்கும் ஒருவன்