வக்கீல் தூங்கினால் கைதியா பொறுப்பு? அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

1995 ஏப்ரலில் ஓக்லஹோமா நகரத்தில் குண்டு வெடித்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள், 1996 ஏப்ரலில், பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். உங்களில் பலர் அப்போது சபையில் இல்லைதான், ஆனாலும் சட்டம் உங்கள் சபையுடையது. குண்டுவெடிப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மாநிலச் சிறைக் கைதிகளின் ஆட்கொணர்வு மனுக்களையும், அதாவது தங்களைச் சிறை வைத்தது சட்டப்படி சரியா என்று ஃபெடரல் (மத்திய) நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் மனுக்களையும், அது சேர்த்து முடக்கிப்போட்டது. இப்போதெல்லாம் மாநில நீதிமன்றத் தீர்ப்பு தவறு என்று காட்டினால் மட்டும் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போதாது, நியாய புத்தியுள்ள எந்த நீதிபதியும் அதை ஏற்க முடியாது என்று காட்ட வேண்டும். அதுவும் பெரும்பாலும் வக்கீலே இல்லாமல், சிறையில் உட்கார்ந்து தானே மனு எழுதுகிற ஆள்.

அரிசோனாவின் பாரி ஜோன்ஸ் வழக்கைப் பாருங்கள். நான்கு வயதுக் குழந்தையைக் கொன்றதாக 1995-இல் மரண தண்டனை. காயம் எப்போது ஏற்பட்டது என்பதுதான் வழக்கின் உயிர்நாடி, அதை அவருடைய விசாரணை வக்கீல் மருத்துவர்களை வைத்துச் சரியாக ஆராயவே இல்லை. அடுத்து வந்த வக்கீலும் இந்தக் குறையை எழுப்பவில்லை. கடைசியில் ஒரு ஃபெடரல் நீதிபதி சாட்சிகளை நேரில் கேட்டு, மருத்துவ ஆதாரத்தைப் பார்த்து, 2018-இல் தண்டனையை ரத்து செய்தார். 2022-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதைத் தள்ளியது. ஆதாரம் பொய் என்று சொல்லவில்லை, இரண்டாவது வக்கீலின் அலட்சியமும் கைதியின் கணக்கில்தான் சேரும், ஆகவே உங்கள் சட்டப்படி அந்த ஆதாரத்தைப் பார்க்கவே கூடாது என்றது! அடுத்த வருடம் அரசுத் தரப்போடு ஓர் உடன்பாட்டுக்கு வந்து, குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாததற்காகக் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் ஜோன்ஸ் வெளியே வர முடிந்தது. உள்ளே கழிந்தது 29 வருடம்.

ஒஹாயோ கைதி கீத் போல்ஸ் கதை இன்னும் சின்னது. மனு தள்ளுபடியாகி மேல்முறையீட்டுக் கெடுவும் கடந்த பிறகு, அந்தக் கெடுவை மறுபடி திறந்து நீதிபதி 17 நாள் கொடுத்தார். சட்டத்தில் இருந்ததோ 14. நீதிபதி சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே அவர் தாக்கல் செய்தார், 2007-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று கதவைச் சாத்தியது. நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவையே நம்பக்கூடாது என்றால் கைதி வேறு எதைத்தான் நம்புவது?

கொலையுண்டவர்களின் குடும்பங்கள் எத்தனை காலம் காத்திருப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தவறான ஆளை உள்ளே வைத்திருப்பது அந்தக் குடும்பங்களுக்குச் செய்கிற நீதியே இல்லையே.

இரண்டைத்தான் கேட்கிறேன். அரசு கொடுத்த வக்கீல் விட்ட கோட்டையைக் கைதியின் தலையில் கட்டுகிற பிரிவைத் திருத்துங்கள், புது ஆதாரத்தைப் பார்க்க ஃபெடரல் நீதிபதிக்கு அனுமதி கொடுங்கள். அப்புறம், நீதிமன்றமே தப்பான தேதி சொல்லியிருந்தால் அந்தத் தாமதத்தை மன்னிக்கிற அதிகாரத்தையும் கொடுங்கள். விதி அநியாயம் என்று தோன்றினால் காங்கிரஸ் மாற்றிக்கொள்ளலாம் என்று போல்ஸ் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். 2007-இலிருந்து பந்து உங்களிடம்தான் இருக்கிறது.