கொட்டாதே என்கிறீர்கள், எங்கே கொடுப்பது என்று சொல்லுங்கள்

மீன் இறங்குதளத்தின் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடலூர் கரையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக விசைப்படகு ஓட்டுகிறேன். இன்ஜின் வேலையும் பாதிக்கு மேல் நானே பார்த்துக்கொள்வேன். எந்த இறங்குதளம், எந்த அலுவலகம் என்று இந்த மடலில் எழுதவில்லை. யாரையும் சந்தியில் நிறுத்துவது என் நோக்கம் இல்லை. போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் ஏற்றும் மேடைக்குப் பக்கத்தில் என்ன நடந்தது, அபராத ரசீது எந்தப் படகின் பேரில் எழுதப்பட்டது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அபராதத்தை அன்றே கட்டிவிட்டேன். அதைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: இன்ஜினிலிருந்து எடுத்த பழைய ஆயிலைக் கொண்டுவந்து ஊற்றுவதற்கு இறங்குதளத்தில் மூடி போட்ட ஒரு தொட்டி வையுங்கள்.

ஆயில் கழிவைத் தண்ணீரில் கொட்டக் கூடாது, மீறினால் அபராதம் என்று ஒரு பலகை வைத்திருக்கிறீர்கள். அதில் எழுதியிருப்பது முழுக்கச் சரி. ஆனால் அதை எழுதச் சொன்னவர் ஒரே ஒரு முறை படகுக்குள் இறங்கி ஆயில் மாற்றுவதைப் பார்த்திருந்தால், 'இங்கே கொண்டுவாருங்கள்' என்று அதே பலகையில் ஒரு அம்புக்குறியும் போடச் சொல்லியிருப்பார்.

லாரிக்கு ஆயில் மாற்றுவது எளிது. வண்டிக்கு அடியில் படுத்து, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் நட்டைக் கழற்றி, கீழே ஒரு தட்டை வைத்தால் கடைசிச் சொட்டுவரை இறங்கிவிடும். படகில் இன்ஜின் தளத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. எங்கள் படகில் சம்ப்புக்கும் அடிப்பலகைக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையும் அளவுக்குத்தான் இடம். நட்டைத் திறந்தால் தட்டு வைக்க வழியில்லை. ஆயில் நேராகப் படகின் அடியில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீரைப் பம்பு வெளியே தள்ளும்போது ஆயிலும் சேர்ந்து ஆற்றுக்குப் போகும்.

அதனால் நாங்கள் மேலிருந்து எடுக்கிறோம். முதலில் இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவேன். ஆயில் சூடேறி இளகினால்தான் அடியில் படிந்த கரியும் இரும்புத் தூளும் அதோடு கலந்து வரும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் கம்பி போகும் குழாய்க்குள் மெல்லிய ஓஸை இறக்கி, கைப்பம்பால் இழுக்க வேண்டும். பதினைந்து லிட்டர். மே மாத வெயிலில், சுடச்சுட இருக்கும் இன்ஜினுக்கு மேல் குனிந்துகொண்டு, அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால்தான் அது வெளியே வரும். ஃபில்டரைக் கழற்றும்போது அதற்குள் நிற்கும் ஆயில் சரியாமல் இருக்க, முதலில் ஒரு பிளாஸ்டிக் பையை அதன்மேல் மாட்டிவிட்டுத்தான் திருகுவேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பார்க்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையமாகிவிடும். ஸ்டார்ட் செய்ததும் புது ஆயில் அந்த இடுக்கில் பீய்ச்சியடிக்கும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயிலைத் தடவிக் கையாலேயே இறுக்கினால் போதும். எடுத்த ஆயிலின் நிறத்தையும் பார்ப்பேன். கறுப்பாக இருந்தால் கவலை இல்லை, டீசல் இன்ஜினில் அப்படித்தான் இருக்கும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் எங்கோ தண்ணீர் உள்ளே இறங்குகிறது, கடலுக்குப் போகக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு பனியன் வேஸ்ட்டால் அடிப்பலகையை ஒற்றி எடுப்பேன்.

இவ்வளவு மெனக்கெடுவது ஒரு சொட்டும் தண்ணீரில் விழக் கூடாது என்பதற்காகத்தான். அப்புறம் இரண்டு கேன்களையும், ஃபில்டரையும், ஆயில் ஊறிய துணியையும் தூக்கிக்கொண்டு கரை ஏறினால், அவற்றை வைக்க இந்த இறங்குதளத்தில் ஒரு அடி இடம் இல்லை.

அன்றும் அப்படித்தான் ஏறினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் எல்லா விசைப்படகும் ஒரே நேரத்தில் வேலைக்கு நிற்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படகு ஆய்வுக்கு நீங்கள் வரும் நாள் நெருங்கியதால் ஆளாளுக்கு அவசரம். ஐஸ் மேடை ஓரத்தில் கேன்களை வைத்தேன். காவலுக்கு நிற்கும் பையன், "அண்ணே, இங்க வைக்காதீங்க" என்றான். "வேற எங்கப்பா வைக்கிறது?" என்றேன். "ஆபீஸ்ல கேளுங்கண்ணே." அலுவலகத்தில் வந்து கேட்டேன். உங்கள் ஆயில், உங்கள் பொறுப்பு என்ற பதில்தான் கிடைத்தது. அங்கே நின்ற கால் மணி நேரத்தில், பின்னால் வந்த ஐஸ் வண்டி ஒரு கேனைச் சாய்த்துவிட்டது.

நான் திரும்பி வருவதற்குள், ஃபைபர் படகில் வந்த கவலை மீனை வாங்கிக்கொண்டு போன ஒரு ஆயா அதில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். தினமும் நெல்லிக்குப்பம் போய்த் தெருத்தெருவாக விற்கிறவர். வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. அன்னக்கூடையில் இருந்த மீன் முழுக்க அந்தக் கறுப்பு ஆயிலில் கிடந்தது. அவர் கையைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே, இடது கையால் ஒவ்வொரு மீனாக எடுத்து முந்தானையில் துடைத்துத் துடைத்து ஓரமாக அடுக்கினார். மீனில் ஏறிய அந்த நாற்றம் துடைத்தாலும் கழுவினாலும் போகாது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஏழெட்டு மீனைத் துடைத்துவிட்டார். நான் போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினேன். என் முகத்தைப் பார்த்து, "நீ வேணும்னு பண்ணல தம்பி. ஆனா அங்க ஏன் வச்ச?" என்று கேட்டார்.

அரசு மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். மாவுக்கட்டு போட்டார்கள். மீனுக்கான பணத்தைக் கொடுத்தேன். விற்கப் போக முடியாத அத்தனை நாளைக்கும் கொடுக்க என்னிடம் வசதி இல்லை. அவருடைய கேள்விக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அங்கே வைத்தது என் தவறு. எங்கே வைத்திருக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்களுக்குள் நடப்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எடுத்த ஆயிலைச் சிலர் சென்ட்ரிங் வேலைக்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள். சிலர் மரப்பலகைக்குப் பூசுகிறார்கள். இரவில் கொட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். டெக்கில் எடுபிடி வேலை செய்த வயதில், டிரைவர் சொன்னார் என்று நானும் கொட்டியிருக்கிறேன். அதன் பலன் எங்கள் வீட்டுச் சட்டியில்தான் வந்து சேர்கிறது. உப்பனாற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். நீர் ஏற்றத்தோடு ஆயில் படலம் உள்ளே வரும் நாளில் அவர்கள் தொடையில் கறுப்புக் கோடு விழும். அந்த இறாலை வியாபாரி மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்.

பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவு என்பது 2016 ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் அது போக வேண்டும். ஆயிலைத் தயாரித்து விற்கும் கம்பெனிகளே பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் போவதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் எங்களுக்கு ஆதரவாகவே நிற்கிறது. வாங்கிச் சுத்திகரிக்க ஆள் உண்டு, பொறுப்பேற்க வேண்டிய கம்பெனியும் உண்டு. இரண்டுக்கும் நடுவே எங்கள் கேனை வாங்கி வைக்க ஒரு தொட்டிதான் இல்லை.

எங்கள் படகுக்குள் போகும் டீசலுக்கு லிட்டர் லிட்டராகக் கணக்கு இருக்கிறது. வரி விலக்கு என்பதால் புத்தகம், கையெழுத்து, சரிபார்ப்பு எல்லாம் உண்டு, இருக்கவும் வேண்டும். அதே படகிலிருந்து வெளியே வரும் ஆயிலைப் பற்றி இந்த இருபத்திரண்டு ஆண்டில் என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. 250 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். என் ஒரு படகிலிருந்து மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 லிட்டர். கரையில் எத்தனை படகு நிற்கிறது என்று உங்கள் பதிவேட்டில் இருக்கிறது, பெருக்கிப் பாருங்கள்.

ஆற்றங்கரைத் தொழிற்சாலைகளைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனை மனு கொடுத்திருப்பார்கள்! மீன் செத்து மிதக்கும்போதெல்லாம் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வரும். முடிவு என்ன என்று எங்களுக்கு யாரும் வந்து சொன்னதில்லை. கூலிக்காரன் வைத்த ஒரு கேன் சாய்ந்தால் அரை மணி நேரத்தில் ரசீது எழுத முடிகிறது. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. சுனாமியும் தானே புயலும் கொண்டுபோனதை மறுபடி சேர்த்துக்கொண்ட கரை இது. எங்கள் தண்ணீரை நாங்களே கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று யாருக்கு ஆசை?

கோபத்தில் கொஞ்சம் நீட்டி எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிய செலவு இல்லை. இருநூறு லிட்டர் டிரம் இரண்டு போதும். மழைத் தண்ணீர் இறங்காமல் மேலே ஒரு கூரை. டிரம் கசிந்தாலும் வெளியே ஓடாதபடி சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் கட்டு. பழைய ஃபில்டரும் ஆயில் துணியும் போட மூடியுள்ள தனித் தொட்டி. பூட்டு, ஒரு நோட்டு. டீசலோ தண்ணீரோ கலக்காமல் ஆயிலை மட்டும் ஊற்ற வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நாங்களே பார்த்துக்கொள்வோம். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிவிட்டேன். வாரம் ஒரு குடும்பம் சாவியை வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். அனுமதி பெற்ற நிறுவனத்தை அழைத்து, மாதம் ஒருமுறை வண்டி வர ஏற்பாடு செய்வது மட்டும் உங்களால்தான் முடியும். நாங்கள் கூப்பிட்டால் இரண்டு டிரம்முக்காக யாரும் வரமாட்டார்கள்.

அடுத்த தடைக்காலம் தொடங்குவதற்குள் இந்தத் தொட்டியை வைத்துத் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அன்று சாயாமல் நின்ற இன்னொரு கேன் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது. வாயில் பாலிதீன் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு எடுத்தவையும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கின்றன. பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் என் மனைவி குறுக்கே பெஞ்சு போட்டு வைத்திருக்கிறாள். எந்த நாள், எந்த இடம் என்று சொல்லி அனுப்புங்கள். எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
விசைப்படகு டிரைவர் ஒருவர்,
கடலூர் கரை